ஐம்பதாம் நாள் பாடம்



விண்டோஸில் ‘டிவேர்ட்’ என்றால் குறியில்லாத 32 பிட் முழு எண். இந்தக் கல்லூரியில் அதை மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கினேன், புரிந்தது வேலையில்தான்.

நான் எழுதிய புரோகிராம் ஓர் ஆலையில் நன்றாக ஓடியது. ஐம்பதாம் நாள் மிஷின் நின்றுபோச்சு. ஒரு ஷிப்டே வீண். கம்ப்யூட்டர் ஆன் ஆனதிலிருந்து மில்லிசெகண்டுகளை எண்ணும் ‘கெட்டிக்கவுண்ட்’, டிவேர்டில்தான் விடை தரும். அதில் சுமார் 429 கோடிதான் அடங்கும், 49.7 நாளில் மீண்டும் பூஜ்யம். நானோ, ‘இந்த எண் வரும்வரை காத்திரு’ என்று எழுதியிருந்தேன். எண் பூஜ்யத்துக்குத் திரும்ப, மிஷின் காத்துக்கொண்டே நின்றது. தொடங்கிய எண்ணைக் கழித்துப் பார்த்திருந்தால் தப்பியிருப்பேன்.

டேட்டா டைப் வெறும் பெயரல்ல, படி. எவ்வளவு கொள்ளும் என்று பார்த்துவிட்டு அளங்கள்.