மூச்சென்னும் கடிவாளம்



உண்ட சோறு செரிப்பதற்கும், வெயிலில் நின்றால் வியர்ப்பதற்கும், உறக்கத்திலும் இதயம் துடிப்பதற்கும் எவரும் ஆணையிடுவதில்லை. இவற்றையெல்லாம் நடத்துவது தானியங்கு நரம்பு மண்டலம். அதன் ஒரு பிரிவாகிய பரிவு நரம்புகள், ஆபத்து வருங்கால் உடலை முடுக்கும். மற்றொன்றாகிய எதிர்ப்பரிவு நரம்புகள், முடுக்கியதை அடக்கி ஓய்வு தரும்.

இதயம் தன்னியல்பில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 முறை துடிக்க வல்லது. அமைதியாக அமர்ந்திருப்பவர்க்கு அது 70 அளவில் நிற்பதேன்? முகுளத்தில் தோன்றி, கழுத்து வழியே மார்புக்கும் வயிற்றுக்கும் இறங்கும் வேகஸ் நரம்பு கடிவாளம்போல் பிடித்திருப்பதால்தான். மூச்சை உள்ளிழுக்கையில் அந்தப் பிடி தளர்கிறது. துடிப்பு சற்றே விரைகிறது. மூச்சு வெளியேறுகையில் பிடி இறுகுகிறது, துடிப்பு தணிகிறது. செரிமானமும் வியர்வையும் மனிதனின் சொல் கேளா. மூச்சோ தானாகவும் இயங்கும், சொன்னபடியும் கேட்கும். கோட்டையின் திட்டிவாசல் அது.

திருமூல நாயனார் மூச்சைக் குதிரையாகவே உருவகித்தார். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் பூரகத்துக்கு 16, கும்பகத்துக்கு 64, இரேசகத்துக்கு 32 என மாத்திரைக் கணக்கும் வகுத்தார். விடும் மூச்சு இழுக்கும் மூச்சைப்போல் இருமடங்கு என்பது நோக்கத்தக்கது. (64 மாத்திரைக் கும்பகம், நூலைப் பார்த்துத் தனியே தொடங்கத்தக்கதன்று. இதய நோயுற்றோர்க்கு அது ஆகவே ஆகாது.)

ஓதுதலிலும் இந்த நுட்பம் அடங்கியுள்ளது. ஓசை வெளிமூச்சில்தானே பிறக்கிறது! 2001ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் லூசியானோ பெர்னார்டி குழுவினர், 23 பேரைக் கிறித்தவ செபமாலையையும் 'ஓம் மணி பத்மே ஹூம்' என்னும் மந்திரத்தையும் ஓதச் செய்து அளந்தனர். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறாகக் குறைந்தது. குருதி அழுத்தத்தின் ஏற்ற இறக்கத்துக்கேற்ப இதயத் துடிப்பைச் சீர்செய்யும் உடலின் திறனும் அப்பொழுது கூடியிருந்தது.

யோகியர் இதயத்தையே நிறுத்துவர் என்னும் பேச்சு இந்நாட்டில் நெடுங்காலம் உலவியது. 1961இல் வெளியான வெங்கர், பக்சி, ஆனந்த் ஆகியோரின் ஆய்வு உண்மையைக் காட்டிற்று. மூச்சை அடக்கி மார்புத் தசைகளை இறுக்கியபோது, இதயத்துக்குத் திரும்பும் குருதி குறைந்து, நாடி கைக்குத் தட்டுப்படாமற் போனது மெய். ஆனால் மின்பதிவில் துடிப்பு இடையறாது தொடர்ந்தது. இதனால் யோகத்துக்கு இழுக்கேதுமில்லை. வித்தை காட்டுவோர்க்கே இழுக்கு.

நாள்தோறும் பயில்வோரிடம் ஓய்வுநிலைத் துடிப்பும் குருதி அழுத்தமும் ஓரளவு தணிவதாக ஆய்வுகள் பல கூறுகின்றன. அவற்றுட் பெரும்பாலானவை சிலரை மட்டுமே கொண்டு நடந்தவை. ஓரளவு தணிந்ததை நம்பி, மருத்துவர் தந்த மருந்தைத் தாமே நிறுத்திப் பக்கவாதத்தை வரவழைத்துக்கொள்ளுதல் பேதைமை. பயிற்சியும் நடக்கட்டும், மருந்தும் தொடரட்டும். அளவைக் குறைப்பது மருத்துவர் பொறுப்பு.

தரிசனம் முடிந்ததும் கொடிமரத்தருகே சிறிது நேரம் அமர்ந்து செல்லும் வழக்கம் அன்பர்கள் அறிந்ததே. அங்கே முதுகு நிமிர்ந்திருந்து, மூக்கால் மெல்ல இழுத்து, வெளிவிடும் மூச்சு முழுவதிலும் ஐந்தெழுத்தை நீட்டி ஓதலாம். திணறினால் நிறுத்திவிட வேண்டும். தொடக்கத்தில் ஐந்து நிமிடம் போதும். மறுநாளும் அதே நேரத்தில் அமர வேண்டும்.