பால்மரமும் நாற்காலியும்

இன்று நாற்காலியைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறோம். "நான்கு கால், ஒரு பலகை, சாய்ந்துகொள்ள ஒரு முதுகு, அவ்வளவுதானே! இதில் பேச என்ன இருக்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம். நாங்களும் முன்பு அப்படித்தான் எண்ணியிருந்தோம்.

எங்கள் முதலாம் ஆண்டு வகுப்பில் ஒரு பையன் இருந்தான். ஓர் இடத்தில் நிலையாக உட்காரமாட்டான். காலை ஆட்டுவான், நாற்காலியின் நுனிக்கு நகர்வான், பிறகு முட்டி போட்டு உட்காருவான். "அடங்கி உட்காரத் தெரியாதா?" என்று பலமுறை கடிந்துகொண்டோம். ஒருநாள் கீழே விழுந்த சுண்ணாம்புக் கட்டியை எடுக்கக் குனிந்தபோதுதான் உண்மை தெரிந்தது. அவனுடைய பாதங்கள் தரைக்கு ஒரு சாண் உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. பலகையின் விளிம்பு அழுத்தியதால் முழங்காலுக்குப் பின்னால் சிவப்பாய்க் கோடு விழுந்திருந்தது. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளின் நாற்காலி அது. குற்றம் நாற்காலியுடையது, திட்டு வாங்கியவனோ பிள்ளை!

அன்றிலிருந்து நாற்காலியைப் பார்க்கும் முன் உட்காருபவரைப் பார்க்கக் கற்றுக்கொண்டோம். வடிவமைப்பு என்பதன் முதல் பாடமும் இதுதான். உட்காரும் பலகையின் உயரம், குதிகாலிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை உள்ள உயரத்தை ஒட்டி இருக்க வேண்டும். பாதம் இரண்டும் தரையில் பதிய வேண்டும். பலகையின் முன்விளிம்புக்கும் முழங்காலின் பின்புறத்துக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழையும் இடைவெளி வேண்டும். மேசையோ முழங்கையின் உயரத்தை ஒட்டி இருக்க வேண்டும். அனைத்துலகத் தர நிர்ணய அமைப்பு 1979ஆம் ஆண்டில் பள்ளி மேசை நாற்காலிகளுக்கு அளவுகளை வகுத்து வெளியிட்டது. அதன்படி, ஏறக்குறைய 120 சென்டிமீட்டர் உயரமுள்ள பிள்ளைக்கு உட்காரும் பலகை 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். 165 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு 42 சென்டிமீட்டர். இருவரையும் ஒரே நாற்காலியில் உட்காரவைத்தால் ஒருவருக்கு வலி நிச்சயம்.

இனி, அந்த நாற்காலி எந்த மரத்தால் ஆனது என்று பார்ப்போம். அங்கேதான் நம் வீட்டுக் கதை வருகிறது.

1876இல் பிரேசில் நாட்டிலிருந்து ரப்பர் விதைகள் இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டன. அவற்றில் முளைத்த கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்து, அங்கிருந்து நம் பேராக் மாநிலத்துக் கோலக்கங்சாருக்கும் வந்தன. அந்தத் தொடக்க காலத்து மரம் ஒன்று இன்றும் கோலக்கங்சாரில் நிற்கிறது. அந்த வழியில் பெருகிய மரங்களில்தான் நம் தாத்தாவும் பாட்டியும் விடியுமுன் பெரட்டுக்கு எழுந்து பால் வெட்டினார்கள்.

ஒரு மரம் ஏறக்குறைய 25, 30 ஆண்டுகள் பால் தரும். பிறகு மறுநடவுக்காக அதை வெட்டிச் சாய்ப்பார்கள். வெட்டிய மரம் என்னவாயிற்று? லயத்து அடுப்பில் எரிந்தது. ரப்பர் தகடுகளுக்குப் புகை போடும் கொட்டகையில் எரிந்தது. செங்கல் சூளையில் எரிந்தது. "பால்மரம் விறகுக்குத்தான் ஆகும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் சொன்னதில் காரணம் இருந்தது. அந்த மரத்தில் மாவுச்சத்து மிகுதி. வெட்டிய சில நாள்களிலேயே பூஞ்சணம் பிடித்து நீலம் பாய்ந்துவிடும். வண்டு துளைத்து மாவாக உதிர்த்துவிடும்.

இந்தக் குறைக்கு அறிவியல் வழி கண்டது. கெப்போங்கில் 1929இல் தொடங்கப்பட்ட வன ஆராய்ச்சி நிலையத்தாரும் பிறரும் இம்மரத்தைப் பற்றி ஆராய்ந்தனர். மரத்தை வெட்டியதும் தாமதமின்றி அறுக்க வேண்டும். பலகைகளை உருளைத் தொட்டியில் அடைத்து, போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலை அழுத்தத்தோடு உள்ளே ஏற்ற வேண்டும். பிறகு சூடான அறையில் ஈரம் போக உலர்த்த வேண்டும். இப்படிப் பதப்படுத்தியபின் வெண்ணெய் நிறத்தில் அழகான பலகை கிடைக்கிறது. விறகாக எரிந்த மரம், கப்பலேறி வெளிநாட்டு வீடுகளில் மேசையாகவும் நாற்காலியாகவும் நிற்கிறது. ஜொகூர் மாநிலத்து மூவார் நகரம் இத்தொழிலுக்குப் பெயர் பெற்றது.

மரம் இருக்கிறது, இயந்திரம் இருக்கிறது. ஆனால் எப்படிச் செய்வது என்று முதலில் சிந்திப்பவர் யார்? அவரே வடிவமைப்பாளர். 1859இல் மைக்கேல் தோனெட் என்பவர் ஆஸ்திரிய நாட்டில் ஒரு நாற்காலியை வடிவமைத்தார். மரக்கம்புகளை நீராவியில் வளைத்து, ஆறே துண்டுகளில் நாற்காலியை முடித்தார். திருகாணியைக் கழற்றினால் 36 நாற்காலிகளை ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் அடுக்கலாம். கப்பல் செலவு குறைந்தது, விலை குறைந்தது, சாதாரணக் கடைகளுக்கும் நல்ல நாற்காலி வந்தது. அலங்காரம் செய்வது மட்டும் வடிவமைப்பு ஆகாது. இப்படி யோசிப்பதே வடிவமைப்பு.

நம் நாட்டில் 1995 முதல் கோலாலம்பூரில் அனைத்துலகத் தளவாடக் கண்காட்சி நடந்து வருகிறது. அதையொட்டி இளம் வடிவமைப்பாளர்களுக்குப் போட்டியும் நடத்தப்படுகிறது. தேர்ந்தெடுக்கப்படும் வரைபடங்கள் உண்மையான நாற்காலியாக, மேசையாகச் செய்யப்பட்டு, வாங்க வருவோர் முன்னே வைக்கப்படுகின்றன.

அண்மையில் ஒரு தாய் எங்களைத் தேடி வந்தார். அவருடைய தகப்பனார் பால் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறியபின் குடும்பம் ஈப்போ பக்கம் குடிவந்துவிட்டது. "டீச்சர், மகள் கணக்குப் புத்தகம் முழுக்க நாற்காலியாக வரைந்து வைத்திருக்கிறாள். இதெல்லாம் சோறு போடுமா? நீங்களாவது சொல்லி நிறுத்துங்கள்" என்றார்.

நாங்கள் நிறுத்தச் சொல்லவில்லை. கட்டாயம் சோறு போடும் என்று பொய்யான உறுதியும் தரவில்லை. வரைகிறவர் எல்லாரும் பரிசு பெறுவதில்லை என்பதை அந்தத் தாயிடம் மறைக்காமல் சொன்னோம். பிறகு அந்தப் பெண்ணிடம், "உன் பாட்டி உட்கார்ந்து எழ ஒரு நாற்காலி வரைந்து வா. அளவு இல்லாமல் வராதே" என்றோம். மறுவாரம் அவள் பாட்டியின் முழங்கால் உயரம், முதுகின் சாய்வு, கை ஊன்ற வேண்டிய இடம் எல்லாம் எழுதிக்கொண்டு வந்தாள். கணக்குப் புத்தகத்தில் வரைந்தவள் அன்று உண்மையாகவே கணக்குப் போட்டிருந்தாள். தாயும் அதைப் பார்த்தார்.

பெற்றோர்களே, "தச்சு வேலையா?" என்று முகம் சுளிக்காதீர்கள். வடிவமைப்புக்குக் கணிதம் வேண்டும், அறிவியல் வேண்டும், மரத்தின் குணம் தெரிய வேண்டும். தொழிற்கல்லூரிகள், பல்தொழில்நுட்பக் கல்லூரிகள், பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றில் இதற்கேற்ற பயிற்சிகளைப் பற்றிப் பள்ளியின் வழிகாட்டி ஆசிரியரிடம் கேளுங்கள். விண்ணப்ப நாள் கடந்தபின் கேட்பதில் பயனில்லை. மூன்றாம் படிவத்திலேயே கேட்டு வையுங்கள்.

இன்றிரவே நீங்கள் செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. பிள்ளை பாடம் எழுதும்போது மேசைக்கடியில் குனிந்து பாருங்கள். கால் தொங்கினால் ஒரு கட்டையோ பலகையோ பாதத்துக்கடியில் வையுங்கள். பிறகு ஓர் அளவுநாடாவைப் பிள்ளையிடம் கொடுத்து, வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் எத்தனை உயரத்தில் நாற்காலி வேண்டும் என்று அளந்து எழுதச் சொல்லுங்கள்.

நம் முன்னோர் பால்மரத்தின் பட்டையை ஆழம் தவறாமல் சீவிய கைத்திறன் உடையவர்கள். சற்றே ஆழம் கூடினால் மரம் புண்ணாகும் என்பதை அறிந்து வெட்டியவர்கள். அந்த மரத்தின் பலகையில் அளவு தவறாமல் நாற்காலி வரைய அவர்களுடைய பேரப்பிள்ளைகளால் முடியாதா? முடியும். அவர்கள் கையில் பென்சிலைக் கண்டால் பிடுங்காதீர்கள். அளவுகோலையும் சேர்த்துக் கொடுங்கள்.