பின்பக்கத்துக்கு என்ன பெயர்?



கடலூர் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும் ஒரு படகைக் காட்டி, இதன் முன்பக்கத்துக்கு என்ன பெயர் என்று கேட்டுப் பாருங்கள். தேவனாம்பட்டினத்துக்காரரும் சரி, சோனாங்குப்பத்துக்காரரும் சரி, பரங்கிப்பேட்டையிலிருந்து வந்தவரும் சரி, யோசிக்காமல் ‘அணியம்’ என்பார்கள். தெற்கே குமரிக் கரையிலும் அணியம்தான். மலையாளக் கரையிலும், கடல் தாண்டி யாழ்ப்பாணத்திலும் அதுவேதான். சரி, பின்பக்கத்துக்கு? அங்கேதான் பேச்சு சூடு பிடிக்கும். ஒருவர் ‘பிச்சல்’ என்பார். யாழ்ப்பாணத்தார் ‘கடையார்’ என்பார்கள். மலையாளக் கரையில் அது ‘அமரம்’. 1991-இல் மம்முட்டி நடித்து வந்த படத்துக்கே அந்தப் பெயர்தான். ஒரே படகின் ஒரு முனைக்கு எல்லாக் கரையிலும் ஒரே பெயர் இருக்க, மறுமுனைக்குக் கரைக்கு ஒரு பெயர். இரண்டு கரைக்காரர் ஒரு படகில் ஏறினால் வாதம் வராமல் இருக்குமா?

இந்த வாதத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். வேலையில்லாத நேரத்து வம்பு என்று பலரும் இதை ஒதுக்கிவிடுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. படகு கட்டுவது ஒரு கலை, பாய் விரிப்பது ஒரு கலை என்றால், படகின் ஒவ்வோர் உறுப்புக்கும் சரியான பெயர் எது என்று வாதாடுவதும் அந்தக் கலையைச் சேர்ந்ததுதான். அதற்கென்று ஒரு நேர்த்தி இருக்கிறது. கேட்டுக் கேட்டு ரசிக்க வேண்டிய நேர்த்தி.

இதைக் கேட்க நல்ல காலம் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள். மரப்படகென்றால் பலகைக்கும் பலகைக்கும் நடுவில் உள்ள இடுக்கில் பஞ்சுத் திரியை வைத்து, உளியால் அடித்து இறுக்க வேண்டும். இதற்குக் கலப்பத்து என்று பெயர். மேலே பூச்சு வரும். பழைய முறையில் அது குங்கிலியமும் எண்ணெயும் சேர்ந்த பூச்சு. உளிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், பேச்சும் நடந்துகொண்டே இருக்கும்.

அப்படி ஓர் இடத்தில் காதில் விழுந்தது. மருமகன் சொல்கிறான், “மாமா, வங்கு வெடிச்சிருக்கு.” மாமா குனிந்து தடவிப் பார்க்கிறார். “வங்கா இது? பலகைடா. வங்குன்னு ஆசாரிகிட்ட சொல்லிப்பாரு, உள்ள இருக்கிற மரத்தையே மாத்தணும்னு அஞ்சு பலகையப் பிரிப்பாரு. காசு நீ குடுப்பியா?” வங்கு என்பது படகின் உட்புறம் விலா எலும்பாக நின்று பலகைகளைத் தாங்கும் வளைமரம். கீழே முதுகெலும்பாக நீளும் கட்டைக்கு ஏரா. பலகையில் விரிசல் என்றால் ஒரு நாள் வேலை. வங்கில் என்றால் படகைப் பிரிக்க வேண்டும். பெயர் மாறினால் செலவும் மாறும். அந்த மாமா ஆசாரியின் சொல்லை அவரைவிடக் கவனமாக வைத்திருந்ததற்குக் காரணம் அது.

அதே இடத்தில் இன்னொன்றையும் கவனித்தேன். ஆசாரி படகை உள்ளிருந்து பார்க்கிறார். எந்த மரம் எந்த மரத்தைப் பிடித்து நிற்கிறது என்பது அவர் கணக்கு. கடலுக்குப் போகிறவர் வெளியிலிருந்து பார்க்கிறார். எந்தப் பக்கம் வலை இறங்கும், எந்தப் பக்கம் அலை ஏறும் என்பது அவர் கணக்கு. ஒரே இடத்துக்கு இருவரும் வேறு வேறு பெயர் சொல்வதில் இருவர் பேரிலும் தவறில்லை. வாதம் முற்றும்போது, ‘நீங்க எதுக்காக அப்படிச் சொல்றீங்க?’ என்ற கேள்வி வந்துவிட்டால் அது நல்ல வாதம். அந்தக் கேள்வி வராமல் போனால் வெறும் கூச்சல்.

பாய்மரக் காலத்தில் இது உயிர்ப் பிரச்சினை. பாயின் கீழ்முனைகள் இரண்டிலும் கயிறு உண்டு. காற்றை எதிர்கொள்ளும் முன்முனையைப் பிடிப்பது கோசு. பின்முனையை இழுத்துப் பிடிப்பது தாமான். பாயைத் தாங்கி மரத்தின் உச்சியில் குறுக்கே சாய்ந்து நிற்கும் நீளக்கழி பருமல். திடீரென்று காற்று அடித்துப் படகு ஒரு பக்கம் சாய்கிறது. படகுத் தலைவரான தண்டல் கத்துகிறார். தாமானை விட்டால் பாய் காற்றைக் கொட்டிவிடும், படகு நிமிரும். அந்த நொடியில் கோசை அவிழ்த்துவிட்டால், முன்முனை பிடிவிட்டு, பாய் தலைக்குமேல் அடித்துக்கொண்டு படகு கைவசம் இல்லாமல் போகும். இருட்டு, மழை, அலைச் சத்தம். ஒரு சொல்தான் கேட்கும், அந்தச் சொல்லுக்கு ஒரு கைதான் அசைய வேண்டும். அதனால்தான் கரையில் உட்கார்ந்திருக்கும்போதே சண்டை போட்டுத் தீர்த்துக்கொண்டார்கள். கடலில் வாதாட நேரமில்லை.

இந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் இந்துமாக்கடல் முழுதும் கண்முன் விரியும். சுக்கான் அரபிச் சொல். மாலுமி, ‘கற்பிப்பவர்’ என்று பொருள்படும் அரபிச் சொல்லிலிருந்து வந்தது. நங்கூரத்தின் வேர் பாரசீகத்தில். கோசும் தாமானும் அக்காலக் கப்பல்களில் வேலை செய்த லஸ்கர் மாலுமிகளின் கலப்பு மொழியிலும் உண்டு. அந்த மொழிக்குத் தாமஸ் ரோபக் 1811-இல் கல்கத்தாவில் ஒரு கப்பல் அகராதி வெளியிட்டார். 1882-இல் ஜார்ஜ் ஸ்மால் அதைத் திருத்தி ‘லஸ்கரி அகராதி’ என்று லண்டனில் கொண்டுவந்தார். அமிதவ் கோஷ் 2008-இல் எழுதிய ‘சீ ஆஃப் பாப்பிஸ்’ நாவலின் மாலுமிகள் அந்த மொழியில்தான் பேசிக்கொள்கிறார்கள். மரக்காயர்களின் கப்பல்கள் அச்சே, மலாக்கா என்று போய் வந்த பரங்கிப்பேட்டைக்கு இதெல்லாம் வெளியூர்ச் சங்கதி அல்ல. ஒரே கப்பலில் தமிழரும், மலையாளியும், அரபியும், மலாயரும் வேலை செய்தார்கள். எந்தச் சொல் எல்லோருக்கும் ஒரே கயிற்றைக் காட்டியதோ அது நிலைத்தது.

நான் கேட்ட வாதங்களில், இது எந்த மொழிச் சொல் என்று ஒருவரும் இன்னொருவரைக் கேட்டதில்லை. அந்தக் கேள்வி நிலத்தில் பிறந்தது. மேடையில் இருந்து சுக்கானுக்குப் புதுச்சொல் ஆக்கித் தருகிறவர்களின் மொழிப்பற்றை நான் மதிக்கிறேன். ஆனால் சுக்கானைப் பிடித்த கை பல நூற்றாண்டாகத் தமிழ்க் கை. அந்தச் சொல்லை அந்தக் கையிலிருந்து பிடுங்குவது நியாயமில்லை. சங்கப் பாடல்களில் பாய்மரத்துக்குக் கூம்பு என்றும் பாய்க்கு இதை என்றும் அழகான சொற்கள் உண்டு. அவை ஏட்டில் வாழட்டும், வகுப்பறையில் வாழட்டும். பாயும் மரமும் யார் கையில் இருந்தனவோ அவர்கள் வைத்த பெயர் பாய்மரம்.

வாதத்தில் தோற்றுப்போன பெயருக்கும் ஒரு மதிப்பு உண்டு. கடலூர், புதுச்சேரி, சென்னை மூன்றிலும் அந்தக் காலத்தில் கப்பல்கள் கரைக்கு வர முடியாது; தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களையும் சரக்கையும் அலை தாண்டிக் கொண்டுவர ஒரு தனிப்படகு. சென்னை ஆங்கிலேயர் அதை மசூலா என்றார்கள். புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர் ‘ஷெலாங்’ என்றார்கள். அது நம் சலங்கு. புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736-இல் எழுதத் தொடங்கிய நாட்குறிப்பில் சலங்கு அடிக்கடி வரும். அந்தப் படகில் ஆணி கிடையாது. பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். வங்கும் கிடையாது. அலை அடித்தால் படகு முழுவதும் நெளிந்து கொடுக்கும். ஆணி அடித்த விறைப்பான படகு அந்த அலையில் உடைந்துவிடும். அதை ஓட்டியவருக்கு வங்கு என்ற சொல்லே தேவைப்பட்டிருக்காது. பக்கத்தில் நின்ற தோணிக்காரருக்கோ வங்கில்லாத படகு படகாகவே தெரிந்திருக்காது. இருவரும் பெயரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நாம் நினைத்தால், அவர்கள் பேசியது கடலைப் பற்றி.

கட்டுமரத்தின் கதை இன்னும் நுட்பம். கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகக் காயப்போடுவார்கள். நீர் ஊறிய மரம் கனக்கும். மறுநாள் விடியுமுன் இருட்டிலேயே திரும்பக் கட்ட வேண்டும். நடுவில் போவது எது, பக்கத்தில் போவது எது, முன்னால் மேல்நோக்கி வளைந்த கட்டை எந்த மரத்தோடு சேரும் என்பதில் தவறினால் அன்று கடலுக்குப் போக முடியாது. படகைத் தினமும் பிரித்து, தினமும் பெயர் சொல்லிக் கட்டிய மக்கள் இவர்கள். வில்லியம் டாம்பியர் 1697-இல் வெளியிட்ட பயணநூலில் சோழமண்டலக் கரையின் இந்தக் கட்டுமரங்களைப் பற்றி எழுதினார். பிறகு அந்தப் பெயர் உலகம் சுற்றியது. 1876-இல் அமெரிக்காவில் நாத்தானியல் ஹெரெஷாஃப் ‘அமரில்லிஸ்’ என்ற இரட்டை உடல் படகைக் கட்டினார். இன்று உலகம் அந்த வகையைத்தான் காட்டமரான் என்கிறது. இரட்டைப் படகில் கட்டும் இல்லை, நம் மரமும் இல்லை.

வாதத்தின் குறைகளையும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் வயதில் மூத்தவர் குரல்தான் ஜெயிக்கும். சில சமயம் அது ஊர்ப்பெருமையாகத் திரும்பி, ‘உங்க ஊர்ல அப்படி, எங்க ஊர்ல இப்படி’ என்பதோடு முடிந்துவிடும். ஏன் அப்படி என்று யாரும் கேட்காமல் போவார்கள். மீன் ஏலம் எடுப்பதிலும் கருவாடு போடுவதிலும் காலம் கழித்த பெண்களுக்குப் படகைப் பற்றித் தெரியாததில்லை. ஆனால் அவர்கள் சொல் இந்த வாதத்தில் கணக்கில் வராது. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது.

இப்போது இந்தக் கலைக்கே இடம் சுருங்கிவிட்டது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, கிள்ளை எல்லாம் அடிபட்டன. அதன்பின் நிவாரணமாக வந்தவற்றில் ஃபைபர் படகுகள் ஏராளம். கட்டுமரம் வேகமாகக் குறைந்தது. ஃபைபர் படகு அச்சில் வார்த்த ஒரே ஓடு. இடுக்கில்லை, கலப்பத்தில்லை, பிரிக்கவும் முடியாது, கட்டவும் வேண்டாம். பெயர் சொல்ல உறுப்பு இருந்தால்தானே வாதம்? ஆனாலும் அதன் முன்பக்கத்தை இன்றைய இளைஞரும் அணியம் என்றே சொல்கிறார். வாதம் வேறு இடத்துக்குப் போயிருக்கிறது: இன்ஜினுக்கும், ஜிபிஎஸ்ஸுக்கும், வலைக்கும். தண்ணீரைத் தள்ளும் இதழ்களை ஒருவர் விசிறி என்கிறார், இன்னொருவர் காத்தாடி என்கிறார். அதிலும் அதே பழைய கூர்மை தெரிகிறது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. அதில் கப்பல் தொழிற்சொல் என்ற குறியோடு பல சொற்கள் உண்டு. அது அரிய வேலை. ஆனால் எந்தத் துறையில், யார், யாரோடு முரண்பட்டு அந்தச் சொல்லைச் சொன்னார் என்பது அதில் பெரும்பாலும் இருக்காது. ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ நாவல் வந்த பிறகு தென்கரைச் சொற்கள் வாசகர்களுக்கு அறிமுகமாயின. கடலூர்க்காரர் அதைப் படித்தால் பக்கத்துக்குப் பக்கம், எங்கள் ஊரில் வேறு சொல்வோம் என்று ஓரத்தில் எழுத ஆசைப்படுவார். அந்த ஓரக்குறிப்புகள்தான் நமக்கு வேண்டும்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்த்துறை சிதம்பரத்தில் இருக்கிறது. அதே பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையம் பரங்கிப்பேட்டையில், வெள்ளாறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது. இரண்டு துறையினரும் ஒரு தடைக்காலத்தில் ஒலிப்பதிவுக் கருவியோடு கடலூர் உப்பனாற்றங்கரைக்கு வர வேண்டும் என்று இந்த வானொலி வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். சொற்பட்டியல் எடுத்துப் போனால் போதாது. ஒரு பெரியவரையும் அவரை மறுப்பவரையும் ஒரே படகின் பக்கத்தில் நிறுத்தி, ஆசாரியையும் கூப்பிட்டு, ஏலம் எடுக்கும் அம்மாவையும் கேட்டு, நால்வர் சொல்லையும் சண்டையோடு சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும். கட்டுமரம் கட்டத் தெரிந்த கைகள் இன்னும் சில இருக்கின்றன. பாயில் போய் வந்தவர்கள் இருக்கிறார்கள். தாமான் எது, கோசு எது என்று அவர்களிடம் கேட்டால் இப்போதும் இரண்டு பதில் வரும். அந்த இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.