பகடை தவறினாலும் கதை நிற்பதில்லை



பணி ஓய்வுக்குப் பின் அமெரிக்காவில் மகன் வீட்டில் இருந்தேன். ஒரு வார இறுதியில் அவனும் நண்பர்களும் என்னை இண்டியானாபொலிஸ் நகரில் நடக்கும் ‘ஜென் கான்’ விளையாட்டு மாநாட்டுக்கு அழைத்துச் சென்றார்கள். 1968இல் கேரி கைகாக்ஸ் தொடங்கிய மாநாடு அது. 1974இல் அவரும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற விளையாட்டைத்தான் ஆடினோம்.

மேசையைச் சுற்றி ஆறு பேர். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பார்கள். செய்ய நினைப்பதை வாயால் சொல்லி, இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். எண் பெரிதாக விழுந்தால் எண்ணியது நடக்கும்.

நான் ஒரு பூட்டைத் திறக்க முயன்றேன். விழுந்தது ஒன்று. தோற்றுவிட்டேன் என்று எழப்போனேன். நடத்துநரோ, “கம்பி முறிந்தது. சத்தம் கேட்டுக் காவலாளி வருகிறான். இப்போது என்ன செய்வீர்கள்?” என்றார். நண்பர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். இரண்டு நாளும் நான் எழவே இல்லை.

ஊர் திரும்பும்போது ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் நினைவுக்கு வந்தான். தவறான விடை சொன்னவனை “உட்கார்” என்றேன். அந்த ஆண்டு முழுவதும் அவன் கை உயரவில்லை.

வெள்ளம் பற்றிய பாடத்தை இப்படி நடத்திப் பாருங்கள். ஒரு குழந்தை ஊராட்சித் தலைவர், ஒருத்தி செவிலியர், ஒருவன் படகோட்டி. முடிவு தவறாகப் போனால், “இப்போது என்ன செய்யலாம்?” என்று கேளுங்கள். அவனிடம் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான்.