சத்தியம் போதாது, கூட்டம் வேணும்

(கீரிப்பாறைக் குடியிருப்பில் நடந்த ஞாயிறு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



குடியைப் பத்தி நம்மகிட்ட பேச வாறவங்க ரெண்டு விதம். 'இந்தச் சாதியே இப்படித்தான்'னு சொல்லுகவன் ஒருத்தன். அது சாதித் திமிர். அதை அரசியலாத்தான் சந்திக்கணும். 'சத்தியம் பண்ணு, இன்னையோட விட்டிரு'ன்னு சொல்லுகவன் இன்னொருத்தன். அவன் நல்ல மனசோடதான் சொல்லுதான். ஆனா அந்தப் பேச்சு நம்மாளுகளைக் கொல்லவும் செய்யும். ஏன்னு சொல்லுதேன்.

ரப்பர் வெட்டுகவனுக்குக் கைதான் சோறு. பட்டையில கத்தி கொஞ்சம் ஆழமா இறங்கினாலும் மரத்துல காயம் விழும். குடிநோய் முத்தினவனுக்கு விடியக்காலம் கை நடுங்கும். ஒரு கிளாஸ் உள்ள போனாத்தான் நடுக்கம் நிக்கும், கத்தியைப் பிடிக்கலாம். நானும் அப்படி வெட்டினவன்தான். பாக்கிறவனுக்கு அது கொழுப்பு. அந்த உடம்புக்கு அது நோய்.

அப்படிப்பட்ட உடம்புல குடியைத் திடீர்னு நிறுத்தினா, ரெண்டு மூணு நாளுக்குள்ள சிலருக்கு வலிப்பு வரும். இல்லாத பூச்சி கையில ஊரும், இல்லாத ஆளு கூப்பிடும். உயிரே போகலாம். நாம 'பேய் புடிச்சிட்டு'ன்னு மந்திரவாதிகிட்ட தூக்கிட்டுப் போறோம், கட்டிப் போடுதோம். கட்டிப் போட்டா என்ன ஆகும்? 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில தீப்பிடிச்சப்போ, சங்கிலியில கிடந்த மனநோயாளிகள் ஓட முடியாம 28 பேர் செத்தாங்க. 2017ஆம் வருஷ மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலி போடுறதைத் தடை செய்யுது. போதையால வாற மனநிலைக் கோளாறையும் மனநோயாவே கணக்கெடுக்குது. அதனால குடியை நிறுத்துற முதல் வாரம் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனைக்குத்தான் போகணும். தர்மம் கேக்கல, அது நம்ம உரிமை.

அதுக்குப் பிறகுதான் பெரிய பாடு. குடி நின்ன பிறகு அது மூடி வச்சிருந்த மனசு வெளிய வரும். உறக்கம் வராது, செத்துப் போகலாம்னு தோணும். அந்த ராத்திரிக்கு டாக்டர் வரமாட்டார். அதே ராத்திரியைக் கடந்த ஒருத்தன் வரணும்.

1935இல் அமெரிக்காவுல, அக்ரான் ஊருல, பங்குத் தரகர் ஒருத்தரும் அறுவை மருத்துவர் ஒருத்தரும் இதைக் கண்டுபிடிச்சாங்க. ரெண்டு பேருமே குடிநோயாளிகள். ஒருத்தன் இன்னொருத்தன்கிட்ட பேசப் பேச ரெண்டு பேரும் குடிக்காம இருந்தாங்க. அதுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 'இன்னைக்கு ஒரு நாள் மட்டும்'ங்கிறது அவங்க வழி. அதுல 'மேலான சக்தி'ன்னு ஒண்ணு பேசுவாங்க. சாமி இல்லாதவனுக்கு இந்த வட்டமே அந்தச் சக்தி.

1956 அக்டோபர் 14இல் நாக்பூர்ல அண்ணல் அம்பேத்கர் கொடுத்த 22 உறுதிமொழிகள்ல மது அருந்த மாட்டேன்ங்கிறதும் ஒண்ணு. கவனிங்க, அதை ஒருத்தன் தனியா மூலையில நின்னு எடுக்கல. லட்சக்கணக்கான பேர் கூடி எடுத்தாங்க.

கடையை மூடச் சொல்லுறதும் நம்ம வேலைதான். 2003 கடைசியில இருந்து சில்லறை மது விற்பனையை அரசாங்கமே டாஸ்மாக் வழியா நடத்துது. கடையை எடுக்கச் சொல்லி நம்ம மாவட்டத்துல, உண்ணாமலைக்கடையில, செல்போன் கோபுரத்துல ஏறின காந்தியவாதி சசிபெருமாள் 2015 ஜூலை 31இல் உயிரை விட்டார். ஆனா கடையைப் பூட்டின மறுநாளும் நடுங்குற கை நடுங்கும். போராட்டமும் வேணும், வட்டமும் வேணும்.

இந்த வட்டத்துக்குச் சில ஒழுங்கு உண்டு. சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துல கப்பலேறி வந்த குடும்பமும் இந்த மண்ணுக் குடும்பமும் ஒரே பாயில இருக்கும். டீ கிளாஸ் எல்லாருக்கும் ஒண்ணு. இங்க கேட்டதை வெளிய சொல்லக் கூடாது. சொன்னா, நாளைக்கு அது வேலைத்தலத்துல சாதிப் பேச்சா திரும்பி வரும். மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகவனை 'நிறுத்து'ன்னு யாரும் சொல்லக் கூடாது. அடிபட்ட பொம்பளையை 'பொறுத்துப் போ'ன்னு சொல்லக் கூடாது. அவங்களுக்குத் தனி வட்டம் வேணும். திரும்பக் குடிச்சவனும் வரலாம். அவனுக்கு விசாரணை கிடையாது.

இன்னைக்கு வராத மூணு பேரை எனக்குத் தெரியும். பேரு சொல்லமாட்டேன். மழையில வெட்டு இல்லாத நாளு அவங்களுக்கு ரொம்பக் கஷ்டம். கூட்டம் முடிஞ்சதும் ரெண்டு ரெண்டு பேரா அவங்க வீட்டுக்குப் போவோம். புத்தி சொல்ல வேண்டாம். பக்கத்துல இருந்தாப் போதும்.