க்ஷயரோகம்: விதியா, கிருமியா?
(செஞ்சியில் பேசியது)

க்ஷயரோகத்தைப் பூர்வஜென்ம வினை என்றார்கள். கிருமியே காரணமென்று 1882-ல் ராபர்ட் காக் என்பவர் காட்டிவிட்டார். ஆஸ்பத்திரியில் கிடக்காமல் வீட்டிலிருந்தே மருந்துண்டாலும் குணமாகுமென்று 1959-ல் சென்னை ஆராய்ச்சி மெய்ப்பித்தது. இனி மீதியென்ன? நோயாளியைக் கண்டுபிடித்து, குறைந்தது ஆறு மாதம் மருந்து நிற்காமல் பார்ப்பதுதானே! அதற்காகவே 2012 முதல் ‘நிக்ஷய்’ என்ற பதிவில் நோயாளிகளின் பெயர் ஏறுகிறது. செஞ்சியிலிருந்து கூலிக்குச் சென்னை போனவருக்கும் அப்பதிவைக் கொண்டு அங்கேயே மருந்து தொடரலாம்.

ஆனால், “வெளியில் தெரிந்தால் பெண்ணுக்கு வரன் வராதே” என்று விலாசத்தை மாற்றிச் சொன்னால் பதிவு என்ன செய்யும்? மறைத்த வீட்டில் மானமா வளர்கிறது? நோயல்லவா பரவுகிறது என்று நாம் கேட்கிறோம். ஆகவே, இரண்டு வாரத்துக்குமேல் இருமினால் சளியைச் சோதிக்கக் கொடுங்கள். உண்மையான விலாசம் சொல்லுங்கள். தேடிவரும் சுகாதார ஊழியரை உள்ளே அழையுங்கள்.