அச்ச காலத்தில் பிறந்த படகுச் சவாரி

பொருட்காட்சித் திடலுக்குள் நுழைந்ததும் குழந்தைகளின் கண் முதலில் தேடுவது ராட்டினத்தைத்தான். மற்ற மண்டபங்களை எல்லாம் பெரியவர்களின் வற்புறுத்தலுக்காகப் பார்ப்பார்கள். ராட்டினத்திற்கு மட்டும் அவர்களே நம்மை இழுத்துச் செல்வார்கள். நாமும் அதை வெறும் வேடிக்கை என்று எண்ணிக் காசைக் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்கிறோம். ஆயினும், ஒரு தலைமுறை எதைக் கண்டு அஞ்சியது, எதை வேண்டி ஏங்கியது என்பதை அதன் தலைவர்களின் சொற்பொழிவுகளைக் காட்டிலும் அதன் விளையாட்டுச் சாமான்கள் சில வேளைகளில் தெளிவாகக் காட்டிவிடுகின்றன. அவ்வாறான ஒரு சவாரியைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறோம். 1964ஆம் ஆண்டில் நியூயார்க் உலகப் பொருட்காட்சியில் தொடங்கி, இன்றும் பல நாடுகளில் ஓடிக்கொண்டிருக்கும் 'இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்டு' என்னும் படகுச் சவாரி அது. 'உலகம் சிறியது' என்பது அப்பெயரின் பொருள்.

சவாரியைப் பற்றிச் சொல்லுமுன், அது பிறந்த மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் பிளஷிங் மெடோஸ் என்று ஓர் இடம். ஒரு காலத்தில் நகரத்து அடுப்புச் சாம்பலைக் கொட்டிய மேடு அது. அதைச் சமன்படுத்தி, 1939 ஏப்ரல் 30ஆம் நாள் அங்கே ஓர் உலகப் பொருட்காட்சியைத் திறந்தார்கள். 'நாளைய உலகம்' என்பது அதன் கருப்பொருள். நாளைய உலகத்தைப் பார்க்கக் கூட்டம் கூடிக்கொண்டிருக்கையிலேயே, செப்டம்பரில் இட்லரின் படை போலந்துக்குள் புகுந்து இரண்டாம் உலகப் போர் மூண்டுவிட்டது. அடுத்த ஆண்டு காட்சி மீண்டும் திறந்தபோது கருப்பொருளையே மாற்றிவிட்டார்கள். 'அமைதியும் சுதந்திரமும்' என்பது புதிய முழக்கம். சோவியத் யூனியன் தன் மண்டபத்தைக் கலைத்துக்கொண்டு போய்விட்டது. போலந்தும் செக்கோஸ்லோவேகியாவும் பகைவர் வசமாகிவிட்டன. அவற்றின் மண்டபங்கள் மட்டும், உடையவனை இழந்த வீடுகளைப் போல, அங்கே நின்றன. 1940 ஜூலை 4ஆம் நாள் பிரிட்டிஷ் மண்டபத்தில் கண்டெடுத்த ஒரு குண்டை வெளியே கொண்டுபோய்ப் பரிசோதித்தபோது அது வெடித்து, காவல்துறையினர் இருவர் மாண்டனர்.

அக்காட்சியில் மக்களை மிகவும் கவர்ந்த விளையாட்டுகளுள் ஒன்று 250 அடி உயரமுள்ள பாரசூட் கோபுரம். உச்சிவரை ஏற்றி, அங்கிருந்து பாரசூட்டில் இறக்கிவிடுவார்கள். ஜேம்ஸ் ஸ்ட்ராங் என்னும் ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி, போர்வீரர்களுக்குப் பயிற்சி அளிப்பதற்காக அமைத்த பொறி அது. பொதுமக்கள் தாங்களும் குதித்துப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படவே, அதை விளையாட்டாக மாற்றினார். அதே மாதிரியான கோபுரங்களில்தான் பின்னர் அமெரிக்கப் பாரசூட் படையினர் பயிற்சி பெற்றனர். விளையாட்டும் போரும் ஒன்றிடம் ஒன்று கருவிகளைக் கைமாற்றுக் கேட்பது புதிதன்று. அந்தக் கோபுரம் 1941இல் கோனி தீவிற்கு மாறியது. இயக்கம் ஓய்ந்த நிலையில் இன்றும் அங்கே நிற்கிறது.

போர் முடிந்தபின் அந்தப் பிளஷிங் மெடோஸுக்கு வேறொரு பேறு கிட்டியது. ஐக்கிய நாடுகள் சபைக்குச் சொந்தக் கட்டடம் எழும்வரை, 1946 முதல் 1950 வரை, அதன் பொதுச்சபை பழைய பொருட்காட்சிக் கட்டடம் ஒன்றிலேதான் கூடியது. அங்கே 1946 டிசம்பர் 11ஆம் நாள் நிறைவேறிய தீர்மானம் ஒன்றினால் பிறந்ததே 'யூனிசெப்' என்னும் குழந்தைகள் நிதி. போரினால் நலிந்த நாடுகளின் குழந்தைகளுக்குப் பாலும் மருந்தும் உடையும் கொடுப்பது அதன் முதல் வேலை. பின்னர் அதன் கை நம் நாட்டிற்கும் நீண்டது. குஜராத்தின் ஆனந்த் நகரில் 1955இல் நேரு திறந்துவைத்த பால் பண்ணைக்குப் பால்பொடி இயந்திரங்களை அளித்தது யூனிசெப்தான். அப்பக்கம் குடியேறியுள்ள நம் நேயர்கள் பலரும் அந்த ஆலையின் வாசலைக் கடந்திருக்கக்கூடும்.

இனி, அச்சத்தின் கதைக்கு வருவோம். அணுகுண்டு ஒரு நாட்டிடம் மட்டும் இருந்தவரை ஒருவகை அச்சம். 1949இல் சோவியத் யூனியனும் அதை வெடித்தபின் வேறுவகை அச்சம். அமெரிக்கப் பள்ளிகளில் மணியடித்ததும் பிள்ளைகள் மேசைக்கடியில் புகுந்து தலையைக் கையால் மூடிக்கொள்ளப் பழக்கினார்கள். மேசை அணுகுண்டைத் தடுக்குமா என்று எந்தக் குழந்தையும் கேட்டிருக்கும். ஆசிரியர் என்ன விடை சொல்லியிருப்பார் என்பதை நேயர்களின் கற்பனைக்கு விட்டுவிடுகிறோம்.

வால்ட் டிஸ்னி கலிபோர்னியாவில் 1955இல் திறந்த டிஸ்னிலாந்து பூங்காவிலும் அந்தக் காலத்தின் நிழல் விழுந்தது. 1959இல் அங்கே நீர்மூழ்கிக் கப்பல் சவாரி ஒன்று தொடங்கியது. எட்டுக் கப்பல்கள், போர்க்கப்பல்களைப் போலவே சாம்பல் நிறம், 'நாட்டிலஸ்' போன்ற உண்மையான அணுசக்தி நீர்மூழ்கிகளின் பெயர்களையே அவற்றுக்குச் சூட்டியிருந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் சோவியத் பிரதமர் குருஷேவ் அமெரிக்காவிற்கு வந்தார். டிஸ்னிலாந்தைப் பார்க்க ஆசைப்பட்டார். பாதுகாப்புக் கொடுக்க இயலாது என்று மறுத்துவிட்டார்கள். சினம் மூண்ட குருஷேவ், அங்கே காலரா பரவியிருக்கிறதா, ராக்கெட் ஏவுதளம் ஏதேனும் உண்டா என்று ஒரு விருந்து மேடையிலேயே கேட்டுவிட்டார். ராக்கெட் இல்லை, ஆனால் நீர்மூழ்கிகள் இருந்தன!

1962 அக்டோபர் மாதத்தை நம்மில் முதியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 20ஆம் நாள் சீனப் படை நம் வடக்கு எல்லையைத் தாக்கியது. அதற்கு இரண்டு நாட்களுக்குப்பின், கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பதை ஜனாதிபதி கென்னடி தொலைக்காட்சியில் அறிவித்தார். இங்கே நம் தாய்மார்கள் பாதுகாப்பு நிதிக்கு வளையலைக் கழற்றிக் கொடுத்துக்கொண்டிருந்த அந்நாட்களில், அங்கே உலகமே அணு நெருப்பில் வெந்துவிடுமோ என்ற நிலை. 28ஆம் நாள் குருஷேவ் ஏவுகணைகளைத் திரும்பப் பெற இசைந்தார். மூச்சு வந்தது. 1963 ஆகஸ்டில் வல்லரசுகள் அணுகுண்டுச் சோதனையை ஓரளவு தடை செய்யும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. இந்தியாவும் அதே மாதம் ஒப்பமிட்டது. அச்சமும் நம்பிக்கையும் இவ்வாறு கலந்துகிடந்த வேளையிலேதான் நம் படகுச் சவாரி உருவாயிற்று.

பிளஷிங் மெடோஸில் 1964இல் மீண்டும் ஓர் உலகப் பொருட்காட்சி நடத்தத் திட்டமிட்டிருந்தார்கள். 'புரிந்துணர்வின் வழி அமைதி' என்பது அதன் கருப்பொருள். நடுவில் 140 அடி உயரமுள்ள எஃகுப் பூகோளம். அமைதியைப் பேசிய அக்காட்சிக்குச் சோவியத் யூனியன் வரவில்லை. பொருட்காட்சிகளுக்கான பன்னாட்டு அமைப்பின் விதிகளுக்கு உட்படாமல் நடத்தியதால், பிரிட்டன், பிரான்ஸ், கனடா ஆகிய அரசுகளும் ஒதுங்கிக்கொண்டன. இந்தியா மண்டபம் அமைத்தது. இன்னொரு மூலையில், அணுகுண்டு விழுந்தாலும் குடும்பம் பிழைத்திருக்கலாம் என்று ஒருவர் தரைக்கடியில் ஒரு முழு வீட்டையே கட்டிக் காட்டினார். புரிந்துணர்வு பயனளிக்காவிட்டால் இருக்கட்டும் என்று முன்னேற்பாடு போலும்.

திறப்பு விழாவிற்கு ஓராண்டுகூட இல்லாத நிலையில், 1963இல், பெப்சி-கோலா நிறுவனம் யூனிசெப்புக்கு உதவியாக ஒரு மண்டபம் அமைக்க வேண்டும் என்று டிஸ்னியிடம் வந்தது. வேறு மூன்று மண்டபங்களின் வேலையால் கையொழியாதிருந்த நிலையிலும் டிஸ்னி ஒப்புக்கொண்டார். உலகக் குழந்தைகளைப் பொம்மைகளாக்கி, பார்ப்பவர்களைச் சிறு படகில் ஏற்றி, நாடு நாடாக அவற்றின் நடுவே மிதந்து போகச் செய்வது என்பது திட்டம். முதல் உலகப் போரின் முடிவில், பதினாறு வயதுப் பையனாக, பிறந்த ஆண்டை மாற்றி எழுதிச் செஞ்சிலுவைச் சங்கத்தின் வண்டியோட்டியாகப் பிரான்சுக்குச் சென்றவர் டிஸ்னி. போர் ஓய்ந்த பின்னரே போய்ச் சேர்ந்தாலும், அது விட்டுச்சென்ற பாழ் நிலத்தை அவர் கண்டிருந்தார்.

ஓவியத்தை மேரி பிளேர் என்னும் அம்மையாரிடம் ஒப்படைத்தார். அவருடைய வண்ணங்களுக்கும் ஒரு போர்க்காலக் கதை உண்டு. 1941இல், தென் அமெரிக்க நாடுகள் ஜெர்மனியின் பக்கம் சாய்ந்துவிடக்கூடாதே என்ற கவலையில், அமெரிக்க அரசு டிஸ்னியையும் அவருடைய ஓவியர்களையும் நல்லெண்ணத் தூதாக அங்கே அனுப்பியது. அக்குழுவில் சென்ற மேரி பிளேரின் தூரிகை, அந்நாட்டுச் சந்தைகளையும் திருவிழாக்களையும் கண்டபின் அடியோடு மாறிற்று. இளஞ்சிவப்புக்குப் பக்கத்திலே ஆரஞ்சு, நீலத்திற்குப் பக்கத்திலே பச்சை என்று துணிந்து வைத்தார். வெட்டிய காகிதத்தை ஒட்டினாற்போன்ற எளிய வடிவங்கள். நவராத்திரிக் கொலுவைப் பார்த்துப் பழகிய நமக்கு அந்தப் படிகளும் பொம்மைகளும் அயலாகத் தோன்றமாட்டா. முந்நூறுக்கும் மேற்பட்ட பொம்மைகள். உடை வெவ்வேறு, தோலின் நிறம் வெவ்வேறு. முகத்தின் வார்ப்பு மட்டும் எல்லாவற்றிற்கும் ஒன்றே. ஆலிஸ் டேவிஸ் என்பவர் அவற்றுக்கு உடை தைத்தார். கடைசிக் கூடத்தில் எல்லா நாட்டுப் பொம்மைகளும் வெள்ளை உடையில் ஒன்றாக நின்று பாடும்.

பாட்டுத்தான் முதலில் தகராறு செய்தது. ஒவ்வொரு நாட்டுப் பொம்மையும் தன் தேசிய கீதத்தைப் பாடட்டும் என்று தொடங்கினார்கள். எல்லாக் கீதங்களும் ஒரே சமயத்தில் ஒலித்தபோது காது கிழிந்தது. தேசங்கள் எல்லாம் தத்தம் பெருமையையே உரக்கப் பாடினால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டை அரசியல் நூல்களிலும் தேட முடியாது. டிஸ்னி, ஷெர்மன் சகோதரர்களை அழைத்து, எம்மொழியிலும் எளிதில் மொழிபெயர்க்கத்தக்க ஒரு பாட்டைக் கேட்டார்.

அச்சகோதரர்களுள் மூத்தவரான ராபர்ட் ஷெர்மன், பதினேழாவது வயதில் பட்டாளத்தில் சேர்ந்தவர். 1945 வசந்தத்தில் டாகா வதைமுகாமிற்குள் நுழைந்த முதல் அமெரிக்க வீரர்களுள் ஒருவர். அவ்வாண்டே முழங்காலில் குண்டடி பட்டு, வாழ்நாள் முழுதும் கோல் ஊன்றி நடந்தார். யூதராகப் பிறந்த ஓர் இளைஞர் அம்முகாமில் என்ன கண்டிருப்பார் என்பதை நாம் விரிக்க வேண்டியதில்லை. கியூபா நெருக்கடியின் நிழல் இன்னும் நீங்காதபோது அவரும் தம்பி ரிச்சர்டும் அப்பாட்டை எழுதினர். அதனால்தான், குழந்தைப் பாட்டாயினும், சிரிப்பைச் சொல்லும் இடத்தில் கண்ணீரையும், நம்பிக்கையைச் சொல்லும் இடத்தில் அச்சத்தையும் அது சொல்கிறது. முதலில் மெதுவாக, வேண்டுதலைப் போலப் பாடினார்களாம்; டிஸ்னி சொல்லியே விரைவுபடுத்தினார்கள். சரணத்தையும் பல்லவியையும் ஒரே நேரத்தில் பாடினாலும் சுருதி கலையாதபடி அமைத்தது அவர்களுடைய கெட்டிக்காரத்தனம். ஒரு கூடத்தில் ஒரு மொழி, அடுத்த கூடத்தில் மற்றொரு மொழி. நடுவே படகில் இருப்பவன் காதில் இரண்டும் விழுந்தாலும் முரண்படா. தெருவில் ஒரு மொழியும் வீட்டில் தமிழும் பேசி வளரும் நம் பிள்ளைகளுக்கு இந்த வித்தை எளிதில் விளங்கும்.

1964 ஏப்ரல் 22ஆம் நாள் மழைக்கிடையே காட்சி திறந்தது. இரண்டு பருவங்களில் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் அப்படகுகளில் ஏறினர். கடைசிப் பருவம் தொடங்குமுன்னரே, 1965 மார்ச்சில், அமெரிக்கக் கடற்படைத் தரைப்படையினர் வியட்நாமின் டா நாங்கில் இறங்கிவிட்டனர். அதே ஆண்டு அமைதிக்கான நோபல் பரிசு யூனிசெப்புக்குக் கிடைத்தது.

இச்சவாரியைக் குறை கூறுவோரும் உண்டு. ஒவ்வொரு நாட்டையும் ஒரு தொப்பியாகவும் ஒரு கட்டடமாகவும் சுருக்கிவிட்டது, இந்தியா என்றால் தாஜ்மகால் என்று முடித்துவிட்டது என்கிறார்கள். அது மெய்யே. பசியையும் அடிமைத்தனத்தையும் எல்லைத் தகராற்றையும் தீர்க்காமல், எல்லோரும் ஒரே முகத்தோடு பாடினால் போதும் என்று காட்டுவது எளிய வழி. குளிர்பான விளம்பரமும் அதனுள் கலந்திருந்தது. ஆயினும், பூமிக்கடியில் வீடு கட்டிக் காட்டியவருக்கும், அதே திடலில் குழந்தைகளைப் பாடவைத்தவருக்கும் இடையே தேர்ந்தெடுக்கச் சொன்னால், நாம் படகுத் துறைக்கே செல்வோம்.

பொருட்காட்சி முடிந்ததும் பொம்மைகளையும் படகுகளையும் கலிபோர்னியாவிற்கு ஏற்றிச் சென்றனர். 1966 மே 28ஆம் நாள் டிஸ்னிலாந்தில் சவாரி திறந்தபோது, உலகின் பல கடல்களிலிருந்து கொணர்ந்த நீரைக் குழந்தைகள் அதன் கால்வாயில் ஊற்றினார்கள். 1971இல் புளோரிடாவிலும், 1983இல் டோக்கியோவிலும், 1992இல் பாரிஸிலும், 2008இல் ஹாங்காங்கிலும் அதே சவாரி எழுந்தது. பழைய பூங்காவின் நீர்மூழ்கிகளுக்கு 1980களில் சாம்பல் நிறத்தை அழித்து மஞ்சள் பூசிவிட்டார்கள். போர்க்கப்பல் வேடம் போய், கடலாராய்ச்சிக் கப்பல்கள் என்று பெயர் வந்தது.